தாராவியிலிருந்து செய்தி எழுதத் தொடங்குகிறீர்களா? மனு, நகல், செலவு, காத்திருப்பு

மும்பையில் தமிழில் செய்தி எழுத வரும் இளைஞர்கள் பலரும் முதலில் போவது தாராவிக்குத்தான். பாஷைப் பிரச்சினை இல்லை. 90 அடி ரோட்டுப் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள். டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் எழுத விஷயம் கிடைத்துவிடும். ஆனால் அந்த விஷயம் அச்சில் நிற்க என்ன காகிதம் வேண்டும், அது எந்த அலுவலகத்தில் இருக்கிறது, எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவாகும் என்று சொல்லித்தர ஆளில்லை. மேஜை மேஜையாக அலைந்து நான் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரு பொதுக் கழிப்பறையை வைத்துக்கொள்கிறேன். தண்ணீர், வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதுவானாலும் வழி கிட்டத்தட்ட இதேதான்.

முதலில் காகிதம், அப்புறம் மக்களின் பேச்சு. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். காரணம் 5ஆவது படியில் இருக்கிறது.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

அரசு அங்கீகார அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் தரும் அட்டைக்கு முழுநேரச் செய்தியாளருக்கே 5 ஆண்டு அனுபவம் தேவை. தனித்து எழுதுபவருக்கு 15 ஆண்டு. அந்த அட்டை இல்லாமலே இங்கே சொல்லும் எல்லா வேலையையும் செய்யலாம். சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் பிரஸ் கார்டு தருகிறோம் என்று வருபவர்களை நம்பாதீர்கள். அந்த அட்டைக்கு வார்டு அலுவலகத்தில் மதிப்பில்லை; போலீஸ் ஸ்டேஷனில் அதுவே வம்பாகிவிடும்.

தேவையானது ஒரே ஒரு கடிதம். உங்கள் பெயர், எழுதப்போகும் விஷயம், காலம், ஆசிரியரின் தொலைபேசி எண் ஆகியவற்றோடு, பத்திரிகையின் பெயர் அச்சிட்ட தாளில் கையெழுத்து, முத்திரையுடன் வாங்கிக்கொள்ளுங்கள். தனித்து எழுதுபவராக இருந்தால், கட்டுரையை ஏற்று ஆசிரியர் அனுப்பிய மின்னஞ்சலின் பிரிண்ட் போதும். கூடவே ஆதார் நகல்.

பணத்தையும் இப்போதே எழுத்தில் பேசிவிடுங்கள். கட்டுரைக்கு எவ்வளவு, ஜெராக்ஸ், தபால், மராத்தி டைப்பிங் செலவு யாருடையது, கட்டுரை வெளிவராவிட்டால் என்ன கிடைக்கும். இந்த மூன்றையும் கேட்பதில் கூச்சமே வேண்டாம். பான் எண் கொடுங்கள். ஒரே நிறுவனம் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். பான் இல்லாவிட்டால் அது 20 சதவீதம்.

2. ஒரு சந்து, ஒரு கழிப்பறை, ஒரு கேள்வி

‘தாராவியில் சுகாதாரச் சீர்கேடு’ என்று எழுதினால் யாருக்கும் சுடாது. எந்த அதிகாரியும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சந்தின் முனையில் உள்ள இந்தக் கழிப்பறையில் பெண்கள் பக்கம் எத்தனை இருக்கை, அதில் எத்தனை வேலை செய்கிறது, எத்தனை பேர் வருகிறார்கள் என்று எழுதினால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

விடியற்காலையில் போங்கள். கூட்டம் அப்போதுதான் இருக்கும், உண்மையும் அப்போதுதான் தெரியும். தாழ்ப்பாள், தண்ணீர், லைட், கட்டணப் பலகை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் காசா, குடும்பத்துக்கு மாதப் பாஸா என்று கேளுங்கள். தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டத்தின் அளவுப்படி சமுதாயக் கழிப்பறையில் 35 ஆண்களுக்கு ஓர் இருக்கை, 25 பெண்களுக்கு ஓர் இருக்கை இருக்க வேண்டும். நீங்கள் எண்ணியதை இதன் பக்கத்தில் வைத்தாலே கட்டுரையின் முதுகெலும்பு கிடைத்துவிடும். பெண்கள் பக்கத்தை எண்ண ஆண் செய்தியாளர் உள்ளே போகக்கூடாது. அங்கே குடியிருக்கும் அக்கா ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாநகராட்சியின் 1916 எண்ணில் யாராவது புகார் செய்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். செய்திருந்தால் புகார் எண்ணையும் தேதியையும் வாங்குங்கள். இல்லையென்றால் குடியிருப்பவர் விருப்பப்பட்டால் அவர் செய்யட்டும், அல்லது நீங்களே பதிவு செய்யுங்கள். ‘எங்களுக்குத் தெரியாது’ என்று அலுவலகம் பின்னால் சொல்லும்போது அந்த எண்தான் பேசும்.

3. இது யாருடையது?

புதியவர்கள் அதிகம் நாளை இழப்பது இங்கேதான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கழிப்பறைகளில் சில மாநகராட்சி கட்டியவை, சில மாடா என்ற மாநில வீட்டுவசதி வாரியம் கட்டியவை. மாநகராட்சி கட்டியதிலும் பலவற்றைப் பகுதி மக்களின் சங்கங்கள் ஒப்பந்தத்தில் நடத்துகின்றன. கொஞ்சம் தள்ளிப்போனால் ரயில்வே நிலம் வந்துவிடும்; அங்கே தகவல் உரிமை மனு மத்திய அரசு அலுவலகத்துக்குப் போக வேண்டும். இது தெரியாமல் மனுப் போட்டால் ‘எங்கள் துறை சார்ந்ததல்ல’ என்ற ஒரு வரிக்காக ஒரு மாதம் போய்விடும்.

கண்டுபிடிக்க எளிய வழிகள் உண்டு. சுவரில் பதித்த கல்லைப் படியுங்கள். யார் நிதி, எந்த ஆண்டு என்று இருக்கும். நடத்துபவரிடம் பெஸ்ட் (இங்கே மின்சாரமும் பஸ்ஸும் தரும் நிறுவனம்) மின்கட்டண ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். யார் பெயரில் வருகிறது என்று தெரிந்துவிடும். தாராவி ஜி நார்த் வார்டில் வருகிறது. அலுவலகம் தாதர் மேற்கில். அங்கே திடக்கழிவுத் துறைக்கு ஒரு தகவல் அலுவலர், தண்ணீருக்கு ஒருவர், கட்டடத்துக்கு வேறொருவர். ‘வார்டு அதிகாரிக்கு’ என்று பொதுவாக எழுதாமல் துறையின் பெயரை எழுதுங்கள்.

4. தகவல் உரிமை மனு

இதை நிதானமாகப் படியுங்கள். பாதி வேலை இதில்தான் இருக்கிறது.

மனு உங்கள் சொந்தப் பெயரில் இருக்கட்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்குத்தான் உரிமை தருகிறது. பத்திரிகையின் பெயரில் போட்டால் அதைச் சாக்காக வைத்துத் திருப்புவார்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. யாராவது கேட்டால் 6(2) பிரிவைச் சொல்லுங்கள். வீட்டு முகவரியைத் தருவதற்குப் பதில் அலுவலக முகவரியைத் தருவது நல்லது. குடியிருப்பவர்களின் பெயரில் மனுப் போட வைக்காதீர்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணம் இல்லை என்பதால் சிலர் அப்படி யோசனை சொல்வார்கள். பத்து ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், அந்தக் குடும்பத்தின் பெயர் ஒப்பந்தக்காரர் காதுக்குப் போய்ச் சேரும்.

மொழி மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றில் ஒன்று. தமிழில் எழுதினால் இங்கே எடுபடாது. மராத்தியில் எழுதுவதே உத்தமம். பதிலும் பெரும்பாலும் மராத்தியில்தான் வரும். மகாராஷ்டிர விதிப்படி மனு 150 சொற்களுக்குள், ஒரே விஷயத்தைப் பற்றி இருக்க வேண்டும். மத்திய அரசு அலுவலகம் என்றால் 500 சொல் வரை போகலாம். தண்ணீரையும் கழிப்பறையையும் ஒரே மனுவில் கேட்காதீர்கள். இரண்டு மனுவாகப் போடுங்கள்.

கட்டணம் 10 ரூபாய். நேரில் கொடுத்தால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். மாநில அரசின் இணையதளத்திலும் பதியலாம், நீங்கள் தேடும் அலுவலகம் அந்தப் பட்டியலில் இருந்தால். எனக்குப் பிடித்தது நேரில் கொடுப்பது. இரண்டு பிரதி எடுத்துப்போய் உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்புவதானால் ஸ்பீட் போஸ்ட். பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது.

என்ன கேட்பது? ‘ஏன் சுத்தம் செய்யவில்லை?’ என்று கேட்டால் இது தகவல் அல்ல, கேள்வி என்று திருப்பிவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள். இப்படி:

“இன்ன சந்தில் உள்ள பொதுக் கழிப்பறை தொடர்பாக: (அ) பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல், (ஆ) 2024 ஏப்ரல் 1 முதல் இன்றுவரை செப்டிக் டேங்க் சுத்தம் செய்யப்பட்ட தேதிகளும் வண்டி எண்களும் உள்ள பதிவேட்டின் நகல், (இ) அதே காலத்தில் வந்த புகார்களும் அவற்றின் மீது எடுத்த நடவடிக்கையும் அடங்கிய பதிவேட்டின் நகல், (ஈ) கடைசியாக நடந்த ஆய்வின் அறிக்கை நகல்.”

வண்டி எண்ணைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வண்டி வராமல் டேங்க் காலியாகியிருந்தால் ஆளை இறக்கியிருக்க வாய்ப்பிருக்கிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி ஓர் உயிர் போனால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிவேட்டில் வெறும் கட்டங்களைப் பார்த்தால் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இனி நாட்கணக்கு. பதில் தர 30 நாள். வேறு துறைக்கு மாற்றுவதென்றால் 5 நாளுக்குள் மாற்ற வேண்டும். நகலுக்கு இவ்வளவு பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய் என்று இடையில் ஒரு கடிதம் வரும். அந்தக் கடிதம் கிளம்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை 30 நாள் கணக்கில் சேராது. ஆகவே அன்றைக்கே கட்டுங்கள். 30 நாள் தாண்டிவிட்டால் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று 7(6) பிரிவு சொல்கிறது. அதற்குப் பிறகும் பணம் கேட்டால் இந்தப் பிரிவை எழுதிக் கொடுங்கள்.

பக்கங்கள் நூற்றுக்கணக்கில் என்றால் கோப்பை நேரில் பார்க்கக் கேளுங்கள். உள்ளாட்சி அலுவலகங்களில் திங்கட்கிழமை பிற்பகல் 3 முதல் 5 வரை மக்கள் கோப்புகளைப் பார்க்கலாம் என்று மாநில அரசு 2018 நவம்பரில் ஆணையிட்டது. ஆணையின் பிரிண்ட் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். இது தெரியாத அலுவலகங்கள் உண்டு.

பதில் வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 20 ரூபாய் ஸ்டாம்ப். அதே அலுவலகத்தின் மூத்த அதிகாரி 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பல நேரங்களில் இந்தக் கட்டத்தில்தான் காகிதம் வெளியே வருகிறது, எனவே சலித்துப்போய் விட்டுவிடாதீர்கள். இரண்டாவது மேல்முறையீடு மாநிலத் தகவல் ஆணையத்துக்கு, 90 நாளுக்குள், மீண்டும் 20 ரூபாய். தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250, மொத்தம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம். ஆனால் அங்கே காத்திருப்பு மிக நீளம். மேல்முறையீட்டைப் போட்டுவையுங்கள், கட்டுரையை அதற்காக நிறுத்தாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியிருக்கிறது. ஒருவரின் பெயர், விவரம் இருக்கும் காகிதங்களை மறுப்பது இப்போது எளிதாகிவிட்டது. பயனாளிகளின் பட்டியலைக் கேட்பதற்குப் பதில் எண்ணிக்கையைக் கேளுங்கள். பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மேல்முறையீட்டில் அதை மேற்கோள் காட்டுங்கள்.

காத்திருக்கும் மாதத்தில் மற்றக் காகிதங்களைத் தேடலாம். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்றவை அதில் வராது. வழக்கு எண் தெரிந்தால் உயர் நீதிமன்றத் தளத்தில் தீர்ப்புகளைக் காசில்லாமல் படிக்கலாம். தண்ணீரைப் பற்றி எழுதுபவர்கள் பானி ஹக் சமிதி என்ற தண்ணீர் உரிமை அமைப்பின் வழக்கில் 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னதை அவசியம் படியுங்கள். குடிசை சட்டவிரோதமானது என்பதற்காகக் குடிதண்ணீரை மறுக்கக்கூடாது என்றது அந்த உத்தரவு.

5. இப்போது மக்களிடம் பேசுங்கள்

தாராவியில் ஒருவர் சொல்லும் தேதி அவருடைய வீட்டைத் தீர்மானிக்கிறது. குடிசைகளை இடித்து வீடு கட்டித்தரும் மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு, 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. அதற்கும் பின்னால், 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும், போட்மாலாவில் (மேல்தளத்தில்) இருப்பவர்களுக்கும் வெளியே வாடகை முறையில்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் குறிப்பேட்டைப் புரட்டுங்கள். ‘திருநெல்வேலியிலிருந்து 2003இல் வந்த இன்னார்’ என்று நீங்கள் சாதாரணமாக எழுதும் ஒரு வரி, அந்தக் குடும்பத்தின் கோப்பில் போய் உட்காரலாம். அவர் தகப்பனார் 1980களிலேயே அதே கோலியில் (ஒற்றை அறை வீட்டில்) குடியிருந்திருப்பார், காகிதமும் இருக்கும். அவர் ஊருக்குப் போய்த் திரும்பி வந்த ஆண்டைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார். ‘இந்தக் கோலியை ஒரு பாயிடமிருந்து வாங்கினோம்’, ‘மேலே வாடகைக்கு விட்டிருக்கிறோம்’, ‘பின்பக்கக் குழாய் நாங்களே இழுத்தது’ இவை எல்லாமே அப்படிப்பட்ட வரிகள்தான். சொல்பவர் உங்களைத் தமிழ்ப் பிள்ளையென்று நம்பிச் சொல்கிறார்.

ஆகவே வந்த ஆண்டு, வாங்கியது, விற்றது, வாடகை, இணைப்பு ஆகியவை கட்டுரைக்குத் தேவையில்லை என்றால் கேட்கவே கேட்காதீர்கள். தேவை என்றால் மின் ரசீது, வாக்காளர் பட்டியல், போட்டோபாஸ் (குடிசைவாசிகளுக்கு அரசு தந்த படமுள்ள அட்டை) ஆகியவற்றைப் பார்த்துச் சரிபார்த்து, பெயரை மாற்றி, சந்தின் பெயரை எடுத்துவிட்டு எழுதுங்கள். எழுதியதை அவரிடம் தமிழில் வாசித்துக் காட்டி, “அக்கா, இது இப்படியே வரலாமா?” என்று கேளுங்கள். ‘ஆசிரியர் மட்டுமே பார்க்க வேண்டும்’ என்று எந்தப் பள்ளி சொல்லிக்கொடுத்திருந்தாலும் இந்த விஷயத்தில் அதைக் கேட்காதீர்கள். அந்தக் குடும்பத்தின் கூரையைவிட நம் பழக்கம் பெரிதல்ல.

முதல் நான்கு படிகளை ஏன் முன்னால் வைத்தேன் என்பது இப்போது புரிந்திருக்கும். ஒப்பந்தமும் பதிவேடும் கையில் இருந்தால் குற்றச்சாட்டைக் காகிதம் சுமக்கும். கழிப்பறைக்கு வரும் அக்கா தன் பெயரைக் கொடுத்து யாரோடும் மோத வேண்டியதில்லை. காகிதம் இல்லாத செய்தியாளர்தான் அந்த அக்காவை முன்னால் நிறுத்துகிறார்.

நேரம் பார்த்துப் போங்கள். குழாயில் தண்ணீர் வரும் வேளையில் பெண்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். வரிசையில் நில்லுங்கள், குடம் தூக்க ஒரு கை கொடுங்கள், பேச்சு அப்புறம் தானாக வரும். ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை கிடைப்பார்கள். சங்கத் தலைவரை முதலில் பார்த்து மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஆனால் அவரோடு வீடு வீடாகப் போகாதீர்கள். அவர் பக்கத்தில் நின்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் பெயர், படம், பள்ளி, தெரு எதுவும் கூடாது. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் தடுக்கின்றன. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை. அக்கம்பக்கத்தார் யூகிக்கும்படி எழுதுவதும் அடையாளம் காட்டுவதுதான்.

6. எதிர்த்தரப்புக்குக் கேள்விகள்

ஒப்பந்தக்காரர், சங்கம், வார்டு அலுவலகம் மூவருக்கும் கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசினாலும் அதையே மின்னஞ்சலில் போடுங்கள். பதிலுக்குக் குறைந்தது இரண்டு வேலைநாள் கொடுங்கள். பதில் வராவிட்டால் எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பதையும் கட்டுரையில் சேருங்கள். அவதூறு வழக்கு வந்தால் இந்த மின்னஞ்சலும் முத்திரையிட்ட நகல்களும்தான் உங்கள் பக்கம் நிற்கும்.

7. எவ்வளவு பணம், எத்தனை நாள்

அரசுக்குக் கட்டுவது சொற்பம்: மனுவுக்கு 10, மேல்முறையீட்டுக்கு 20, நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். கையைக் கடிப்பது மராத்தி டைப்பிங்கும் மொழிபெயர்ப்பும்தான். பக்கத்துக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மாநகராட்சிப் பள்ளியில் மராத்தி படித்த தாராவிப் பிள்ளைகள் இதை நன்றாகச் செய்வார்கள். அவர்களுக்குக் கூலி கொடுங்கள், உதவியாக வாங்காதீர்கள். போக்குவரத்து அதிகம் ஆகாது. லோக்கலில் இரண்டாம் வகுப்புக் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், பெஸ்ட் பஸ்ஸில் 10. சயான், மாஹிம் இரண்டு ஸ்டேஷனிலிருந்தும் தாராவிக்கு நடந்தே போகலாம்.

கழிப்பறைக் கட்டுரை ஒன்றுக்கு மூன்று மாதம் வையுங்கள்: பதிலுக்கு ஒரு மாதம், மேல்முறையீட்டுக்கு ஒன்றரை மாதம், பேசி எழுத மீதி. ஆசிரியரிடமும் இதையே சொல்லுங்கள், ‘அடுத்த வாரம் தருகிறேன்’ என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்று நான்கு மனுக்களை வெவ்வேறு விஷயத்தில் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் மாதம் ஒன்றாவது பழுத்துவரும்.

காலண்டரையும் பாருங்கள். மார்ச் கடைசியில் வார்டு அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் அவசரம். மே மாதம் பள்ளி விடுமுறையில் பாதிச் சனம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போயிருக்கும். கணபதி விழா நாட்களில் அலுவலகமும் சந்தும் வேறு வேலையில் இருக்கும். பொங்கலன்று 90 அடி ரோட்டில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பார்கள். அன்று பேட்டி எடுக்காதீர்கள். போய்ச் சாப்பிட்டுவிட்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். வடிகால், வெள்ளம் பற்றிய மனுக்களை ஏப்ரலுக்குள் போட்டால்தான் ஜூன் மழைக்கு முன் காகிதம் கையில் இருக்கும்.

8. வெளிவந்த பிறகு

கட்டுரையின் பிரதியைப் பேசியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். இணையத்தில் மட்டும் வந்தால் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். மனுவில் கிடைத்த ஒப்பந்தம், பதிவேடு ஆகியவற்றின் நகலில் உங்கள் முகவரியையும், புகார் செய்தவர்களின் பெயர்களையும் மறைத்து ஒரு செட் அந்தச் சந்தின் பெண்கள் குழுவிடம் கொடுங்கள். ஒப்பந்தத்தில் மாதப் பாஸுக்கு என்ன தொகை எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தால் மறுமாதம் கூடுதலாகக் கேட்பவரிடம் அவர்களே பேசிக்கொள்வார்கள். அசலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடியும் தேதியையும் காலண்டரில் குறித்துவையுங்கள். புதிய ஒப்பந்தம் போட்ட மறுவாரம் அடுத்த மனுவைக் கொடுக்கலாம்.